ஒரு சொட்டு விடாத தளம்

குளத்தை மூடுவதற்கு முன்னால் அதன் அடித்தளத்தில் ஓட்டை போடவில்லை. அதுதான் தப்பு. மற்றதெல்லாம் அந்தத் தப்பின் பின்னால் வரிசையில் வந்தவை.

ஓட்டை போட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். பூந்தொட்டி வைத்திருக்கிறவனுக்குக்கூடத் தெரியும், அடியில் வழி இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி வேர் அழுகும் என்று. தெரிந்தே போடவில்லை. ஏன் என்று சொல்கிறேன். இழுக்க மாட்டேன். இழுத்துப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

கோவில்பட்டிக்கு மேற்கே ஒரு நூல் மில் இருந்தது. மூடிப்போனது. எங்கள் வரிசை வீடுகள் மட்டும் மிஞ்சின. மானேஜர் பங்களாவை இடித்துக் கதவு, ஜன்னல், தேக்கு உத்திரம் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர்களால் பங்களாத் தோட்டத்துக் குளத்தை மட்டும் ஏற்ற முடியவில்லை. வட்டக் குளம், சிமெண்டால் கட்டியது, எங்கள் வாசல்களெல்லாம் அதன் கரையைப் பார்த்தபடி. உள்ளே கபடி ஆடுகிற அகலம், ஆள் நெஞ்சு மட்டத்துக்கு ஆழம், கரையில் மூக்கு உடைந்த ஒரு சிமெண்டுக் கொக்கு. ஒரு காலத்தில் அல்லியும் சிவப்பு மீனும் இருந்த இடத்தில் பிறகு பாசி இருந்தது, பாசி இருந்த இடத்தில் பிறகு கொசு இருந்தது, சுகாதார ஆட்கள் வந்து ஊற்றின மருந்தைக் குடித்துவிட்டு அந்தக் கொசு முன்னைவிடத் தெம்பாகப் பறந்தது. வீட்டுக்கு வீடு காய்ச்சல்.

மூடிவிட்டு மண் போட்டுக் காய்கறி வைப்போம் என்று முடிவானது. முடிவு செய்தது முப்பிடாதி. ரீலிங் பிரிவில் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகின தொண்டை. அவள் சும்மா சொன்னாலே தீர்மானம் நிறைவேற்றின மாதிரிதான் இருக்கும்.

தண்ணீரை இறைத்தோம், சகதியை அள்ளினோம், தளத்தைக் கழுவிவிட்டோம். மில்லில் மெஷின் பழுது பார்க்கிற ஜாப்பராக இருந்த காதர் மைதீன் பாய் கடப்பாரையோடு இறங்கினார். நடுத்தளத்தில் சூசை கொத்தனார் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தக் குளத்தைக் கட்டியது சூசைதான். அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ சுவர் வைத்தார். வைத்த சுவரையெல்லாம் வீட்டுக்காரர்கள் இடித்தார்கள், மாற்றினார்கள், மேலே ஓடு ஒட்டி மறைத்தார்கள். அவர் கை வைத்தபடியே நிற்பது இந்தக் குளம் ஒன்றுதான். அதற்காகவே வயசான காலத்தில் எங்கள் வரிசையில் கடைசி வீட்டு மாடியைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஜன்னலைத் திறந்தால் குளம் தெரியும். திறந்தே வைத்திருப்பார்.

"கட்டின நாளிலேருந்து ஒரு சொட்டு விட்டதில்லை பாய். இதுல கடப்பாரை வைக்கணும்னா முதல்ல என் மண்டையில வச்சிட்டு வைங்க" என்றார்.

பாய் கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேலே ஏறி வந்துவிட்டார். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு கோளாறு. மில்லையே மூடிப்போட்டார்கள், சகித்துக்கொண்டோம். ஆனால் ஒருவன் 'இது என் கைவேலை' என்று சொல்லிவிட்டால் அதன்மேல் கை வைக்க மாட்டோம். இழை அறாமல் நூல் நூற்றவர்கள் நாங்கள். ஒழுகாத தளத்தை எப்படி உடைப்பது. ஓட்டை வேண்டாம், மண்ணைக் கொட்டு என்றோம். கண்மாயில் அள்ளின கரம்பை வண்டல், செம்மண், கிடைபோட்ட இடத்து ஆட்டுப்புழுக்கை என்று டிராக்டர் டிராக்டராகக் கொட்டினோம். விளிம்பு வரைக்கும் நிரம்பி ரொட்டிபோல் உப்பி நின்றது. ஆளுக்கு ஒரு பாத்தி பிரித்துக்கொண்டோம். பாய்க்கு வெண்டை. முப்பிடாதிக்குக் கத்தரி. எனக்குப் பாகல். பாகற்காய் என் புத்திக்குப் பொருத்தம் என்று முப்பிடாதி ஊருக்கே கேட்கச் சொன்னாள்.

கொத்தனார் பெண்டாட்டி கடைசியாக வந்தாள். இடுப்பில் ஒரு பெயிண்ட் வாளி. வாளிக்குள் நார்த்தங்கன்று.

கன்று என்பது பேச்சுக்கு. அதற்கு வயசு ஆகியிருந்தது. புருஷன் வேலை கிடைத்த ஊருக்கெல்லாம் குடித்தனம் மாற்றினபோது, பாத்திர மூட்டையைக்கூட வண்டிக்காரனிடம் கொடுத்துவிட்டு, அந்த வாளியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு போனவள். வாடகை வீட்டு முற்றத்தில் மரம் வைக்க எந்த வீட்டுக்காரனும் விடவில்லை. வாளி மாறியது, ஊர் மாறியது, கன்று மாறவில்லை. வேர் வாளிக்குள்ளேயே சுருட்டிச் சுருட்டி மண்ணைத் தின்றுவிட்டது. பூத்ததில்லை, காய்த்ததில்லை. இந்தக் கோடைக்கு முன்னால் தரையில் இறங்காவிட்டால் பட்டுப்போகும் என்று அவள் சொன்னாள். சொன்னதும் அவ்வளவுதான். நடுவில் வைத்துக்கொள் மதினி என்றேன். வைத்தாள். வைத்துவிட்டு அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள், ரயிலில் கடைசியாக ஒரு இடம் கிடைத்தவள்போல.

அப்புறம் மழை பெய்தது.

நல்ல மழை, மேற்கே மலையைக் கழுவிக்கொண்டு வந்த மழை, பெய்து ஓய்ந்த காலையில் நான் பல்குச்சியோடு தோட்டத்துக்குப் போனால் என் பாகற்பந்தல் இருந்த இடத்தில் பாயின் வெண்டை நின்றது. பாகற்பந்தல் கொக்குக்குப் பக்கத்தில் போயிருந்தது. யாரோ பிடுங்கி மாற்றி நட்டுவிட்டார்கள் என்று நினைத்து நான் பாயைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொன்னேன், அவர் நாலு வார்த்தை சொன்னார், நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெண்டை எங்கள் கண் முன்னால் ஒரு முழம் நகர்ந்து போனது, நின்ற நிலை மாறாமல், இலை அசையாமல், தேர் நகருகிற மாதிரி, பின்னாலேயே முப்பிடாதியின் கத்தரி வந்தது, அதன் பின்னால் தக்காளி வந்தது, தக்காளியின் பின்னால் பூசணிக்கொடி தன் பற்றுச்சுருளையெல்லாம் காற்றில் நீட்டிக்கொண்டு கடைசிப் பிள்ளைபோல் தடுமாறி வந்தது.

பாய் ஒரு கல்லை எடுத்துப் போட்டார். மண்ணில் வட்டம் வட்டமாக அலை விரிந்தது. அலை போன வழியிலிருந்த செடியெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகத் தலை குனிந்து நிமிர்ந்தன.

"மண்ணை நாம குளத்துல போட்டோம்லா, அது குளமாப் போச்சு" என்றார் பாய். அதற்குமேல் அதைப் பற்றி யாரும் ஆராயவில்லை. சமையலுக்கு நேரமாகியிருந்தது.

மேலே பார்த்தால் காய்ந்த மண்தான். கையில் அள்ளினால் உதிரும். கால் வைத்தால் முழங்கால் வரைக்கும் இழுக்கும். தண்ணீருக்குப் போக வழி இல்லை, மண்ணுக்கு நிற்க மனசு இல்லை, இரண்டும் சேர்ந்து ஒரு போக்கில் சுற்றிக்கொண்டிருந்தன. செடி ஒன்றும் அழுகவில்லை. அதுதான் வேடிக்கை. ஊர் சுற்றுகிற பிள்ளைகளுக்குப் பசி எடுக்கிற மாதிரி அதுகளுக்குப் பசி எடுத்தது, வெண்டை ஆள் உயரம் போனது, கத்தரி ஒரு காம்பில் மூன்று தொங்கியது, என் பாகல் கசப்பையே மறந்துவிட்டுக் காய்த்தது.

முதலில் சண்டை வந்தது. வரத்தானே செய்யும். என் காயை உன் வாசலில் வைத்து நீ எப்படிப் பறிக்கலாம் என்று முப்பிடாதி தக்காளிப் பாத்திக்காரியோடு மல்லுக்கு நின்றாள். நான் பறிக்கப் போகவில்லை, உன் காய்தான் என் வாசலுக்கு வந்தது என்றாள் அவள். நியாயம் கேட்க என்னிடம் வந்தார்கள். நான் மில்லில் டைம்கீப்பர், சங்கு ஊதினவன், எனக்கு எல்லாவற்றிலும் நேரம்தான் தெரியும். கரையில் உட்கார்ந்து பார்த்தேன். தோட்டம் காலையிலிருந்து மறு காலைக்கு ஒரு சுற்றுச் சுற்றியது. சாரல் அடித்தால் கொஞ்சம் வேகம், வெயில் ஏறினால் கொஞ்சம் சோம்பல். பால்காரர் மணி அடிக்கும்போது வெண்டை முதல் வீட்டுக்கு வரும், வெயில் உச்சிக்கு வரும்போது கீரை கடைசி வீட்டைத் தாண்டும், தபால்காரர் வருகிற நேரத்துக்குப் பூசணி கொக்கை உரசிக்கொண்டு போகும். சொன்னேன். எவள் வாசலுக்கு எது வருகிறதோ அதுதான் அவள் வீட்டுக் குழம்பு, போங்கள் என்றேன்.

அதோடு சண்டை விட்டது. விட்டது மட்டுமல்ல, எல்லோருக்கும் ஒரு குஷி பிடித்துவிட்டது. காலையில் எழுந்ததும் இன்றைக்கு என்ன வரும் என்று கரைக்கு ஓடி வருவார்கள். அடுப்பில் உலையை வைத்துவிட்டுக் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் பருப்பை எடுப்பதா புளியைக் கரைப்பதா என்று தீர்மானிப்பார்கள். பாய் வாழை மரங்களைக் கட்டித் தெப்பம் செய்து, மண்வெட்டியைத் துடுப்பாகப் போட்டுக்கொண்டு, நடுத்தோட்டம் வரைக்கும் மண்மேல் மிதந்து போய்க் களை எடுத்தார். போகும்போது கரையில் நிற்கிறவர்களுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுப் போவார், கப்பல் ஏறிப் போகிறவர்போல. ஒரு நாள் பூசணிக்கொடி கொக்கின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. மொத்தத் தோட்டமும் இழுபட்டு முனகி நின்றது. எல்லா வீட்டிலும் குழம்பு தாமதம். கடைசியில் கொடி அறுந்தது, தோட்டம் விட்ட இடத்தைப் பிடிக்க ஒரு ஓட்டம் ஓடியது பாருங்கள், தக்காளியெல்லாம் குலுங்கிச் சிவந்துபோயிற்று.

வெளியூர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். கோவிலைச் சுற்ற முடியாத முழங்கால் வலிக்காரர்கள் வந்து கரையில் உட்கார்ந்து, தங்களைக் கடந்து போகிற ஒவ்வொரு பூசணிக்காயையும் ஒரு பிரதட்சணமாக எண்ணிக்கொண்டு, சாமிக்குச் சொல்ல வேண்டியதைப் பூசணிக்காயிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். கல்யாணம் நிச்சயமான பையன்களும் பெண்களும் எதிரெதிர்க் கரையில் நின்றுகொண்டு கத்தரிச் செடியில் பூவைச் சொருகி அனுப்பி வைத்தார்கள். அரை நாள் கழித்துப் பூ போய்ச் சேரும். அரை நாளும் நிற்பார்கள். விவசாய அதிகாரி ஒருவர் வந்தார், மண்ணை முகர்ந்து பார்த்தார், நல்ல மண் என்றார், பை நிறையக் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு போனார். பஸ்ஸில் கண்டக்டர், 'சுத்துற தோட்டம் எல்லாம் இறங்கு' என்று கூப்பிட ஆரம்பித்தான். மில் மூடினதிலிருந்து எங்கள் நிறுத்தத்தின் பேரை யாரும் சத்தம்போட்டுச் சொன்னதில்லை.

சூசைக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களிடமெல்லாம், பார்த்தீங்களா, தளம் என் தளம், மண்ணே வந்தாலும் ஒரு சொட்டு விடாது என்பார்.

எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். நார்த்தை தவிர.

நடுவில் வைத்தது நடுவில் நிற்கவில்லை. ஒதுங்கி ஒதுங்கி விளிம்புப் பக்கம் வந்து, மற்றதோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்தது. கத்தரிக்கும் வெண்டைக்கும் ஒரு பருவத்து வாழ்க்கை, சுற்றினால் என்ன, வேடிக்கை பார்த்துக்கொண்டே காய்த்துவிட்டுப் போகும். மரத்துக்கு அப்படி இல்லை. காலையில் வெயில் ஒரு கன்னத்தில் விழுந்தது, சாயங்காலத்து வெயிலும் அதே கன்னத்தில் விழுந்தது, எந்தப் பக்கம் கிழக்கு என்று தெரியாமல் அது கிளையை நீட்டவும் மாட்டாமல் மடக்கவும் மாட்டாமல் திகைத்தது. வாளியில் சுருண்ட வேர் சுருண்டபடியே கிடந்தது. சுற்றுக்கு ஒரு இலையாக உதிர்க்க ஆரம்பித்தது.

கொத்தனார் பெண்டாட்டி அதனோடு கூடவே நடந்தாள். காலையில் வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்து, நார்த்தை எங்கே இருக்கிறதோ அதற்கு நேராகக் கரையில் நின்று, அது நகர்கிற வேகத்துக்குத் தானும் நகர்ந்து, வெயிலானால் முந்தானையைப் பிடித்து அதற்கு நிழல் கொடுத்துக்கொண்டு சுற்றி வந்தாள். வெளியூர்க்காரர்கள் அவளையும் வேண்டுதல்காரி என்று நினைத்துக்கொண்டார்கள். உட்கார்ந்து சுற்றலாமே அம்மா, நாங்கள் அப்படித்தான் செய்கிறோம் என்று ஒருத்தி இடம்கூட விட்டாள்.

இலை விரல் விட்டு எண்ணுகிற மட்டுக்கு வந்தபோது அவள் எங்கள் எல்லோரையும் கொக்குக்குப் பக்கத்தில் கூட்டினாள். அடியில் ஒரு ஓட்டை போடுங்கள் என்றாள். தண்ணீர் இறங்கினால் மண் நிற்கும், மண் நின்றால் மரம் பிழைக்கும் என்றாள்.

ஒருத்தருக்கும் மனசில்லை. தோட்டம் நின்றுவிட்டால் யார் வருவார்கள் என்றாள் முப்பிடாதி. பாய் தெப்பத்தை நினைத்துக்கொண்டு தாடியைத் தடவினார். நான் வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாமே மதினி என்றேன். வேறு இடம் எது என்று அவள் கேட்கவில்லை. மில்லைச் சுற்றிப் பாறை என்பது எனக்கும் தெரியும் அவளுக்கும் தெரியும்.

"உங்க கத்தரிக்காய்க்கு எந்த இடம்னாலும் சம்மதம் அண்ணாச்சி" என்றாள். "இது மரம். இதுக்கு ஒரு இடம்னு இருக்கணும்."

சூசை சிரித்தார். "என்ன பெரிய மரம். நாம சுத்தாத ஊரா. இந்த வாளியத் தூக்கிட்டு எத்தனை ஊரு சுத்தியிருப்போம். செத்தா போனோம்?"

"நீங்க சாகல" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். சத்தம் போடவில்லை. சொல்லிவிட்டு, மரம் ஒரு எட்டு முன்னால் போயிருந்தது, அதைப் பிடிக்கப் போய்விட்டாள்.

சூசை நின்ற இடத்திலேயே நின்றார். தக்காளி அவரைக் கடந்து போனது. பூசணி கடந்து போனது. நாங்கள் எல்லோரும் அவரவர் வீட்டில் ஏதோ வேலை இருப்பதுபோல் கலைந்தோம்.

மறுநாள் காலையில் அவர் கடப்பாரையோடு இறங்கி வந்தார். அதுவரைக்கும் அந்த மனுஷன் கையில் நான் கரண்டியும் மட்டப்பலகையும்தான் பார்த்திருந்தேன். உறைக்கிணற்றுக்கு இறக்குகிற சிமெண்டு உறை இரண்டைக் கரை ஓரமாக மண்ணில் இறக்கச் சொன்னார். இறக்கினோம். ஒன்றன்மேல் ஒன்றாகத் தளம் வரைக்கும் போய் உட்கார்ந்தன. உள்ளே இருந்த மண்ணை அள்ளி வெளியே போட்டால், ஆள் இறங்கி நிற்கிற அளவுக்குக் குழாய் மாதிரி ஒரு வழி கிடைத்தது. தோட்டம் உறையைத் தொட்டதும் இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போனது.

சூசை இறங்கினார். முதல் குத்துக் குத்தினார். கடப்பாரை எகிறிக் கையை உதறிவிட்டது. தளத்தில் ஒரு கீறல் இல்லை.

திரும்பக் குத்தினார். நெருப்புப் பறந்தது. கீறல் இல்லை. மத்தியானம் வரைக்கும் குத்திவிட்டு மேலே வந்தார். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். முகத்தில் அழுகையும் இருந்தது, அதற்குள்ளே ஒரு பெருமையும் இருந்தது, எதை வெளியே விடுவது என்று தெரியாமல் மூக்கைச் சிந்தினார். "நான் சொன்னேம்லா" என்றார்.

பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. மெஷினையே பிரித்து மாட்டினவர், ஒரு தளம் என்னை என்ன செய்யும் என்று சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார். கடப்பாரை வளைந்ததுதான் மிச்சம். அதைப் பார்த்ததும் மற்றவர்களுக்கும் சூடு பிடித்தது. நேற்றுவரைக்கும் ஓட்டையே வேண்டாம் என்றவர்கள் எல்லாம் இன்றைக்கு என்னை விடு, உன்னை விடு என்று உறையின் வாயில் வரிசை நின்றார்கள். தோட்டம் நின்றுவிடுமே என்கிற நினைப்பு ஒருத்தருக்கும் இல்லை, தளம் ஜெயித்துவிடக் கூடாது, அவ்வளவுதான். முப்பிடாதி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அம்மிக்குழவியோடு வந்தாள். உளி வந்தது, சம்மட்டி வந்தது, ஆசிட் வந்தது. கல் உடைக்கிற கம்ப்ரஸர் வண்டியை டவுனிலிருந்து வரவழைத்தோம். வண்டிக்காரன் வந்து, இதென்ன குளிக்கிற தொட்டி, டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு இறங்கினான். ஊரே அதிர்ந்தது, வெண்டை உதிர்ந்தது, கொக்கின் மிச்ச மூக்கும் விழுந்தது, அவன் மேலே வந்து மழுங்கின துளை ஊசியை எங்களுக்குக் காட்டினான். யார் போட்ட தளம் இது என்று கேட்டான். எல்லோரும் சூசையைப் பார்த்தோம். சூசை தலையைக் குனிந்துகொண்டார். வாழ்நாள் முழுக்க ஒருத்தன் கேட்க வேண்டும் என்று காத்திருந்த கேள்வி. அதைக் கேட்கிற நேரமா அது.

நார்த்தையில் அப்போது இரண்டு இலை இருந்தது. சுற்றிவரும்போது ஒன்று உறையின் விளிம்பில் உரசி விழுந்தது.

அவள் அந்த இலையை எடுத்தாள். எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, "தள்ளுங்க, நான் இறங்குதேன்" என்றாள்.

கையில் என்ன வேண்டும் என்று பாய் கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றாள். ஏணியைப் பிடித்துக்கொண்டது நான். அதனால் கேட்டது எனக்குத்தான் முழுசாகக் கேட்டது.

கீழே போய்க் குந்தி உட்கார்ந்தாள். தளத்தில் கொஞ்சம் ஈரம் இருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினாள், காய்ச்சல்காரனைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. அப்புறம் மேலே பார்த்து என்னிடம் சொன்னாள். குளம் கட்டினபோது அவள் கல்யாணமாகி வந்த புதுசு, புருஷனிடமே சித்தாள் வேலை. பூசி முடித்துவிட்டு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். பூசின சிமெண்டு இறுகுகிறவரைக்கும் காலையும் மாலையும் தண்ணீர் விட்டு நனைக்க வேண்டும், அது சித்தாள் பாடு. ஒழுகினால் இரண்டு பேரையும் விரட்டிவிடுவேன் என்று மானேஜர் சொல்லியிருந்தான். போக வேறு இடம் கிடையாது. அதனால் குடம் குடமாக ஊற்றும்போதெல்லாம் அவள் தளத்தைத் தட்டித் தட்டிச் சொன்னாள், பிடிச்சுக்கோ, ஒரு சொட்டு விட்டுறாத, எங்களை இங்க இருக்க விடு என்று. பச்சைச் சிமெண்டு, கேட்டுக்கொண்டது.

"வேலை முடிஞ்சு போனதுக்கப்புறம் நாங்க எங்கயும் நிலையா இருக்கல. எனக்கு மறந்தே போச்சு அண்ணாச்சி" என்றாள். "இது மறக்கல பாருங்க."

பிறகு குனிந்து தளத்திடம் பேசினாள்.

"நாந்தான். சொன்னது சொன்னபடி செஞ்சிட்ட. போதும். விடு."

கையால் தளத்தைத் தட்டினாள், பிள்ளையைத் தூங்கவைக்கிற தட்டு, இரண்டு தட்டு.

தளம் ஒரு மிடறு விழுங்கியது. அப்படித்தான் சத்தம் வந்தது. அவள் கைக்குக் கீழே தலைமுடிபோல் ஒரு கோடு ஓடியது, கோடு கிளை பிரிந்தது, கிளை மண்ணுக்கு அடியில் தளம் முழுக்கப் பரவிப் போவது கரையில் நின்றவர்களுக்குக் காலில் தெரிந்தது. ஏறிவா மதினி என்று கத்தினேன். முப்பிடாதி ஏணியோடு சேர்த்து அவளைத் தூக்கிவிட்டாள். இத்தனை காலம் பிடித்து வைத்திருந்ததெல்லாம் ஒரு பெருமூச்சாகக் கீழே இறங்கியது, தோட்டம் ஒரு சாண் தாழ்ந்தது, கடைசியாக ஒரு முறை எல்லாச் செடியும் ஒரே பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, நின்றது.

உறைக்குப் பக்கத்தில் தெப்பத்தில் நின்ற பாய் காலை எடுத்து மண்ணில் வைத்தார். நின்றார். குதித்துப் பார்த்தார். அப்புறம் ஊரே உள்ளே இறங்கிக் குதித்தது. முழங்கால் வலிக்காரர்களும் குதித்தார்கள்.

எது எங்கே நின்றதோ அது அங்கே. என் பாகல் முப்பிடாதி வாசலில். அவள் கத்தரி பாய் வீட்டுக்கு எதிரே. யாரும் மாற்றி நடவில்லை. நார்த்தை கரையை ஒட்டி, கிழக்கே மறைப்பு ஏதும் இல்லாத ஒரு இடத்தில் நின்றது. சூசை போய் அதைச் சுற்றி வரப்பு கட்ட அரை மூட்டை சிமெண்டு கொண்டுவந்தார். அவள் அவரைப் பார்த்தாள். சிமெண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டு, மண்ணைப் பிசைந்து கையால் வரப்பு போட்டார். கோணல்மாணலாக இருந்தது. ஒழுகியது. அதைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். மிச்சமிருந்த ஒரு இலை உதிரவில்லை. அடுத்த மழைக்கு அதன் கக்கத்தில் சிவப்பாக ஒரு துளிர் வந்தது.

இப்போதும் பஸ்ஸில் ஆள் வந்து இறங்குகிறார்கள். தோட்டம் சுற்றுமாமே என்கிறார்கள். நின்றுவிட்டது என்கிறேன். யார் நிறுத்தியது என்று கேட்கிறார்கள். பாய் கம்ப்ரஸரின் அதிர்ச்சி என்பார். முப்பிடாதி அம்மிக்குழவி என்பாள். அதெல்லாம் இல்லை, கொத்தனார் பெண்டாட்டி என்று நான் சொல்வேன், சொல்லிக்கொண்டிருந்தேன். கொத்தனார் பெண்டாட்டியென்றால் அவருக்குப் பேர் இல்லையா என்று ஒரு பெண் என்னையே திருப்பிக் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. சித்தாள், மதினி, கொத்தனாரம்மா, இத்தனை சொல்லிக் கூப்பிட்டிருக்கிறோம், ஒருத்தனுக்கும் தெரியாது. எழுந்து போய்க் கேட்டேன். வரப்புக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இதைக் கேட்கவா இத்தனை தூரம் வந்தீங்க என்று சிரித்துவிட்டுச் சொன்னாள்.

ரெஜினாள்.